காலியிடமும் இடமின்மையும்: பேஸ்பால் அட்டைகளின் எண்களை வாசித்தல்

1

எண் என்பது எண்ணிக்கை சொல்வதற்கு மட்டும் ஏற்பட்ட சமாச்சாரம் இல்லை. ஒரு பொருளின் முதுகில் 57 என்று அச்சடித்தவுடனே, இதற்கு முன்னால் 56 பொருட்கள் இருந்தாக வேண்டும், பின்னாலும் இருக்கலாம் என்று ஒரு உத்தரவு பிறந்துவிடுகிறது. கையில் இருப்பது ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்று தன்னைப் பற்றிப் பேசுவதைவிடத் தன்னோடு இல்லாத மற்றவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. இருப்பை வைத்து இன்மையைச் சுட்டுகிற குறி அது.

இதை விளக்க நான் எடுத்துக்கொள்கிற பிரதி கொஞ்சம் அற்பமானது: அமெரிக்காவின் பழைய பேஸ்பால் அட்டைகள். 1880களில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருப்பதற்காக உள்ளே வைத்த தடித்த அட்டையில் ஆட்டக்காரர்களின் படத்தை அச்சிடத் தொடங்கினார்கள். 1930களில் சூயிங்கம் கம்பெனிகள் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டன. முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவரைப் பற்றி நாலு வரி, ஒரு மூலையில் எண். பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கியது கம், தேடியது அட்டை. இன்று வயதான ஆண்கள் லட்சக்கணக்கான டாலர் கொடுத்து அதே அட்டைகளைத் தேடுகிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை. '1952 டாப்ஸ் 311' என்றால் போதும், எதிரில் இருப்பவருக்கு அது மிக்கி மேன்டில் என்று புரிந்துவிடும். 2022ல் இந்த 311ஆம் எண் அட்டையின் ஒரு பிரதி 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோனது.

'இதெல்லாம் அமெரிக்கப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், இதில் என்ன கோட்பாடு வேண்டிக்கிடக்கு?' என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. நான் பேஸ்பால் ஆடியவன் இல்லை. அந்த ஆட்டத்தின் மேல் தனிப் பிரியமும் கிடையாது. எனக்கு அக்கறை எண்ணில். எந்த எண் விட்டுப்போனது, எந்த எண் இரண்டு தடவை வந்தது, யாருக்கு எந்த எண் என்று சேகரிப்பாளர்கள் மத்தியில் ஏராளமான துணுக்குகள் உலவுகின்றன. துணுக்கு என்று ஒதுக்குகிற இடத்தில்தான் ஒரு அமைப்பு தன் தையலைக் காட்டிவிடும். அந்தத் தையலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

2

முதலில் எண்ணே இல்லாத ஒரு வரிசை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் பல சிகரெட் பிராண்டுகளோடு ஒரு தொகுதி அட்டைகளை வெளியிட்டது. அந்த அட்டைகளில் வரிசை எண் கிடையாது. மொத்தம் எத்தனை என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே எது குறைகிறது என்றும் தெரியாது. வாங்கினான், படத்தைப் பார்த்தான், வைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

இன்று இந்தத் தொகுதியை உலகம் முழுக்க 'டி206' என்கிறார்கள். அந்தப் பெயர் கம்பெனி கொடுத்தது இல்லை. 1900ல் பிறந்து, நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஜெஃபர்சன் பர்டிக் கொடுத்தது. கீல்வாதத்தால் கைகால் முடங்கிக்கொண்டே வந்த மனிதர். யாரும் சீந்தாமல் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த விளம்பர அட்டைகளை எல்லாம் சேர்த்து, 1939ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். பிற்பாடு அது 'அமெரிக்கன் கார்டு கேட்டலாக்' என்று வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'என்', 20ஆம் நூற்றாண்டுப் புகையிலைக்கு 'டி', பழைய மிட்டாய், கம் அட்டைகளுக்கு 'ஈ', பிந்திய கம் அட்டைகளுக்கு 'ஆர்' என்று எழுத்து வைத்தார். எழுத்துக்குப் பக்கத்தில் தொகுதிக்கு ஒரு எண். வெள்ளை ஓரம் வைத்த இந்தத் தொகுதி 206ஆம் எண்ணில் விழுந்தது. 1947 முதல் தன் சேகரிப்பை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள். அவற்றை ஆல்பங்களில் ஒட்டி வரிசைப்படுத்தும் வேலையையும் அவரே உட்கார்ந்து செய்தார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் இறந்துபோனார்.

பெயரிடுதலும் எண்ணிடுதலும் அதிகாரத்தின் செயல் என்று நாம் ஒரு வாய்ப்பாடு போலச் சொல்லிவருகிறோம். ஃபூக்கோவைப் படித்த பிறகு அது இன்னும் சுலபமாக வாயில் வருகிறது. பர்டிக் இங்கே ஒரு தொந்தரவு. அவரிடம் அரசும் இல்லை, மூலதனமும் இல்லை. முதலாளி குப்பை என்று விட்டதற்குத் தொழிலாளி எண் போட்டான், அதனால் அது ஆவணம் ஆனது. எண் கீழிருந்தும் வரலாம்.

ஆனால் எண் வந்ததும் அதோடு முழுமை என்ற பேயும் வந்துவிட்டது. டி206ல் மொத்தம் எத்தனை? சேகரிப்பாளர்களின் இன்றைய பொதுக் கணக்கு 524. அதில் நாலு அட்டைகள் மகா அபூர்வம். ஹோனஸ் வேக்னர் தன் படத்தை வெளியிட ஒப்புக்கொள்ளாததால் பாதியில் நிறுத்தப்பட்ட அட்டை அவற்றில் ஒன்று. பிள்ளைகளிடம் சிகரெட் விற்கத் தன் முகம் கூடாது என்று நினைத்தாரா, காசு தரவில்லை என்று மறுத்தாரா என்று இன்றைக்கும் வழக்கு ஓடுகிறது. அந்த அட்டை 2022ல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. இந்த நாலையும் வாங்க வக்கில்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? 520 என்று கணக்கு வைத்துக்கொண்டு 'முடிந்துவிட்டது' என்கிறார்கள். முழுமை என்பது பொருளில் இல்லை; சட்டைப்பையில் இருக்கிறது.

3

இப்போது எண் போட்ட வரிசைக்கு வருவோம். 1933, பொருளாதாரப் பெருமந்தம். பாஸ்டனின் கௌடி கம் கம்பெனி ஒரு சென்ட்டுக்கு ஒரு துண்டு கம்மும் ஒரு அட்டையும் விற்றது. இது 240 நட்சத்திரங்களின் வரிசை என்று அட்டையின் பின்பக்கமே சொன்னது. பிள்ளைகள் சேர்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள், கடைக்கு ஓடினார்கள். 105 கிடைத்தது, 107 கிடைத்தது. 106 மட்டும் யாருக்குமே கிடைக்கவில்லை. ஏனென்றால் 106 என்று ஒரு அட்டையை அச்சடிக்கவே இல்லை.

தொழில்நுட்பத்தைக் கவனியுங்கள். ஒரு பெரிய தாளில் 24 அட்டைகள். மொத்தம் 10 தாள்கள். 240 இடம் சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு தாளில் பேப் ரூத்தின் 144ஆம் எண் அட்டை இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் ரூத்துக்கு அந்த வரிசையில் 53, 144, 149, 181 என்று ஏற்கெனவே நாலு எண்கள். ஆக 240 இடத்தில் 239 வேறுவேறு அட்டைகள். மிகப் பெரிய நட்சத்திரம் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், ஒரு நாற்காலி குறைந்தது. அதுமட்டுமில்லை, எண்கள் தாளுக்குத் தாள் தொடர்ச்சியாகவும் வரவில்லை. நடுநடுவே விட்டு, பிந்திய தாள்களில் நிரப்பினார்கள். எனவே கோடை முழுக்க எல்லாப் பையன்களின் கட்டிலும் ஓட்டைகள் இருந்துகொண்டே இருந்தன. ஓட்டை இருக்கிறவரை கம் விற்கும்.

புகார்க் கடிதங்கள் போயின. 1934ல் கம்பெனி இறங்கிவந்து, அந்த வருஷத்து அட்டைகளோடு சேர்த்து 106ஐ அச்சடித்து, எழுதிக் கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பியது. கடிதத்தோடு பேப்பர் கிளிப் போட்டு வைத்து அனுப்பியதால் இன்று மிஞ்சியிருக்கிற பல பிரதிகளில் கிளிப்பின் தடம் தெரியும். அதில் இருந்த ஆள் நேப் லாஜ்வே. பெரிய லீக்குகளில் 1916லேயே ஆடி முடித்தவர். 1933ன் நட்சத்திர வரிசையின் ஓட்டையை 17 வருஷத்துக்கு முந்தின ஆளை வைத்து அடைத்தார்கள். பிள்ளைகளுக்கு அதில் குறை இருந்த மாதிரி தெரியவில்லை. அவர்கள் கேட்டது லாஜ்வேயை இல்லை, 106ஐ. குறிப்பான் நிரம்பினால் போதும். குறிப்பீடு யாராக இருந்தால் என்ன?

சிகாகோவின் லீஃப் கம்பெனி இன்னும் துணிச்சலானது. 1948 என்று தேதியிட்டு, பெரும்பாலும் 1949ல் புழங்கிய அதன் வரிசையில் எண்கள் 168 வரை போகின்றன. அட்டைகளோ 98தான். மீதி 70 எண்களுக்கு ஆளே இல்லை. அந்த 98லும் பாதியைக் குறைவாக அச்சடித்தார்கள். இல்லாத 70ஐத் தேடி எத்தனை பையன்கள் எத்தனை கம் மென்றிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

பூத்ரியார் 1968ல் எழுதிய 'பொருட்களின் அமைப்பு' நூலில் சேகரிப்பைப் பற்றி ஒரு பகுதி உண்டு. சேகரிப்பைச் சேகரிப்பாக வைத்திருப்பது அதில் இல்லாத கடைசிப் பொருள்தான், அது கிடைத்துவிட்டால் சேகரிப்பவனுக்கு ஒருவகைச் சாவு என்பது சுருக்கமாக அவர் வாதம். சரியான பார்வைதான். ஆனால் அவருடைய சேகரிப்பாளன் ஒரு தனி ஆள். தன் அறையில், தன் மனசோடு இருக்கிறான். கௌடியும் லீஃபும் காட்டுவது வேறு. இன்மை ஆழ்மனசில் ஊறுவதற்கு முன்னாலேயே அச்சகத்தில் தயாராகிவிடுகிறது. அதைத் தயாரிக்க ஆகும் செலவு ஒன்றுமில்லை: ஒரு எண்ணை விட்டுவிட்டு அடுத்ததைப் போட்டால் முடிந்தது. சரக்கை உற்பத்தி செய்யாமலே தேவையை உற்பத்தி செய்கிற வித்தை இது.

இந்தவகை இன்மையை நான் 'காலியிடம்' என்று சொல்கிறேன். காலியிடத்துக்கு ஒரு குணம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியும், விரல் வைத்துக் காட்டலாம், அதன் பேரில் மனு எழுதலாம். மனு எழுதினால் தபாலில் பதில்கூட வரலாம்.

4

எல்லாக் காலியிடமும் கம் விற்கச் செய்த தந்திரம் இல்லை. சிலவற்றுக்குப் பின்னால் கூலிச் சண்டை, ஒப்பந்தச் சண்டை.

1953ல் புரூக்ளினின் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட வரிசையில் எண்கள் 280 வரை உண்டு. அட்டைகள் 274. 253, 261, 267, 268, 271, 275 ஆகிய ஆறும் இல்லை. 1955ல் 210 எண்கள். 175, 186, 203, 209 நாலும் இல்லை. அந்தக் காலத்தில் டாப்ஸும் பௌமன் என்ற இன்னொரு கம் கம்பெனியும் ஆட்டக்காரர்களின் முகத்துக்காக அடித்துக்கொண்டிருந்தன. விட்டுப்போன எண்களை அந்தச் சண்டையின் தழும்புகளாகத்தான் சேகரிப்பாளர்கள் படிக்கிறார்கள். வரிசையைத் திட்டமிட்ட பிறகு ஆள் கைவிட்டுப் போனால் எண் அநாதையாக நிற்கும்.

1954ல் இது கேலிக்கூத்தானது. டெட் வில்லியம்ஸ் டாப்ஸோடு போய்ச்சேர்ந்தார். டாப்ஸ் அவருக்கு முதல் எண்ணையும் கொடுத்தது, கடைசி எண்ணான 250ஐயும் கொடுத்தது. வரிசையின் இரண்டு முனையிலும் ஒரே ஆள், காவலுக்கு நிற்கிற மாதிரி. பௌமன் தன் 66ஆம் எண்ணிலிருந்து அவரை எடுக்க வேண்டிவந்தது. அந்த இடத்தில் ஜிம்மி பியர்சாலை வைத்தார்கள். பியர்சாலுக்கு ஏற்கெனவே 210 என்ற எண் இருந்தது; ஒரே மனிதருக்கு இப்போது இரண்டு எண். 1959ல் ஃப்ளீர் கம்பெனி வில்லியம்ஸின் வாழ்க்கையை மட்டும் 80 அட்டைகளாக வெளியிட்டபோது 68ஆம் எண்ணைத் திரும்பப்பெற நேர்ந்தது. படத்தில் பக்கத்தில் நின்ற பக்கி ஹாரிஸ் டாப்ஸோடு ஒப்பந்தத்தில் இருந்தார். ஒரு மனிதனின் வாழ்க்கைக் கதையிலிருந்து ஒரு அத்தியாயம் போயிற்று, பக்கத்தில் நின்றவனின் முகம் வேறொரு முதலாளிக்குச் சொந்தம் என்பதால்.

முகம் யாருக்குச் சொந்தம்? கேள்வி நீதிமன்றம்வரை போனது. பௌமன் தரப்பான ஹேலன் லேபரட்டரீஸ் டாப்ஸ் மேல் தொடுத்த வழக்கில், 1953ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி ஜெரோம் ஃபிராங்க் தீர்ப்பெழுதினார். ஒருவரின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை அவர் விற்கக்கூடிய ஒரு சொத்து என்ற கருத்து, தனிப் பெயரோடு, அமெரிக்கச் சட்டத்தில் அங்கேதான் நுழைந்தது. சினிமா நட்சத்திரத்தின் முகம் சரக்காகிற சட்டவழி கம் அட்டையில் தொடங்குகிறது. 1956ல் டாப்ஸ் பௌமனையே வாங்கிவிட்டது. எதிரி போனதும் அநாதை எண்களும் அரிதாயின. ஏகபோகத்துக்கு ஓட்டையில்லாத வரிசை ரொம்பச் சுலபம்.

அதனால் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. மோரி வில்ஸ் என்ற கறுப்பின ஆட்டக்காரர் சிறு லீக்கில் இருந்தபோது டாப்ஸ் அவரை ஒப்பந்தத்துக்கு எடுக்கவில்லை. பெரிய ஆளான பிறகு அவர் கையெழுத்துப் போடவில்லை. 1962ல் 104 தடவை தளத்தைத் 'திருடி' அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அந்த வருஷத்து டாப்ஸ் வரிசை 598 அட்டைகள், அடுத்த வருஷம் 576. இரண்டிலும் எண்கள் ஒழுங்காக நிரம்பியிருக்கின்றன. வில்ஸ் இல்லை. 1967ல்தான் 570 என்ற எண்ணோடு உள்ளே வருகிறார். 1962ல் அந்த வரிசையை முழுக்கச் சேர்த்த பையன் எதையாவது இழந்ததாக உணர்ந்திருப்பானா? 106 போல ஒரு ஓட்டை இருந்தால்தானே விரல் வைப்பான்?

இந்த ஒப்பந்தங்களின் கூலி என்ன தெரியுமா? சிறு லீக்கில் கையெழுத்துப் போடும்போது 5 டாலர், பெரிய லீக்கில் ஆடினால் வருஷத்துக்கு 125 டாலர். எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்து 1966ல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமைக்கு வந்த மார்வின் மில்லர் இதைப் பிடித்தார். 1968ல் டாப்ஸுக்குப் படமெடுக்க நிற்காதீர்கள் என்று ஆட்டக்காரர்களிடம் சொன்னார். முகம் தராத வேலைநிறுத்தம்! டாப்ஸ் பணிந்தது. ஆளுக்கு 250 டாலர், விற்பனையில் 40 லட்சம் டாலர் வரைக்கும் 8 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம் என்று முடிவானது.

5

எண் ஒரு வர்ணாசிரமமும்கூட. மேலிருந்து பார்த்தால் 1, 2, 3 எல்லாம் சமம் மாதிரிதான் இருக்கும். மிக்கி மேன்டிலுக்கு டாப்ஸ் கொடுத்த எண்களை வரிசையாகப் பாருங்கள்: 1958ல் 150, 1959ல் 10, 1960ல் 350, 1961ல் 300, அடுத்த இரண்டு வருஷமும் 200, 1964ல் 50, 1969ல் 500. வில்லி மேஸுக்கு 1962லும் 1963லும் 300. தற்செயல் இல்லை. நூறில் முடிகிற எண் பெரிய நட்சத்திரத்துக்கு, ஐம்பதில் முடிகிறது அடுத்த படிக்கு, பத்திலும் ஐந்திலும் முடிகிறவை அதற்குக் கீழே, 237 மாதிரி எண்கள் சும்மா ஆடிவிட்டுப் போகிறவனுக்கு என்று ஒரு மரபு டாப்ஸில் நிலைத்துவிட்டது. அட்டையைத் திருப்பி எண்ணைப் பார்த்தாலே ஆள் எந்தப் படி என்று பையன்களுக்குத் தெரியும்.

வரிசையில் எங்கே நிற்கிறாய் என்பது உடம்பையும் தீர்மானிக்கிறது. 1952 டாப்ஸின் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. பெரிய நட்சத்திரம் இல்லை. ஆனால் அட்டைகளை எண்வாரியாக அடுக்கி ரப்பர் பேண்டு போடுகிற வழக்கத்தில் மேலே இருந்து அடிபட்டது அவர் அட்டை. கசங்காத பாஃப்கோவுக்கு அதனால்தான் அந்த விலை. அதே வரிசையில் 311 முதல் 407 வரை கோடை முடிகிற நேரத்தில் வந்தவை, கடைக்காரர்கள் எடுக்கவில்லை. விற்காமல் கிடங்கில் கிடந்த பெட்டிகளை 1960ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினோம் என்று டாப்ஸின் சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டிகளில் 311 எத்தனை இருந்ததோ! 1 கோடி டாலரின் பின்னால் இருப்பது ஒரு கிடங்கு சுத்தம் செய்த வேலை.

காலியிடத்தை மரியாதையாகவும் ஆக்கலாம். மேன்டில் 1995ல் இறந்தார். அவர் சட்டை எண் 7. 1996 வரிசையில் 7ஆம் எண்ணை அவருக்குக் கொடுத்துவிட்டு, 1997 முதல் 2005 வரை 7 என்ற எண்ணையே டாப்ஸ் யாருக்கும் கொடுக்கவில்லை. 2006ல் அந்த எண் திரும்பியபோதும் அதில் மேன்டில்தான். 9 வருஷம் ஒரு ஓட்டை, அஞ்சலியாக. அந்த ஓட்டையைப் பார்த்தவனுக்கு யாரை நினைக்கவேண்டும் என்று தெரியும்.

6

இனி நான் சொல்லவந்ததற்கு வருகிறேன். இதுவரை பேசிய இன்மைகளில் வில்ஸைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு எண் இருந்தது.

கம்பெனிகள் அட்டை அச்சிடும் பழக்கம் சூடுபிடித்த அதே காலத்தில், 1887 ஜூலையில், இன்டர்நேஷனல் லீக் இனிமேல் கறுப்பர்களோடு ஒப்பந்தம் இல்லை என்று ஓட்டுப்போட்டு முடிவெடுத்தது. பெரிய லீக்குகள் எழுதிவைக்காமலே அதைக் கடைப்பிடித்தன. 1947 ஏப்ரல் 15ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் இறங்கும்வரை அந்தச் சுவர் நின்றது. கறுப்பர்கள் தங்களுக்கென்று லீக்குகளை நடத்தினார்கள்; நீக்ரோ லீக் என்பது அன்றைய பெயர். சிகரெட் கம்பெனியும் கம் கம்பெனியும் பெரிய லீக்கைப் பார்த்துத்தான் வரிசை போட்டன.

இப்போது மறுபடி 1933க்குப் போங்கள். 106ஐக் காணோம் என்று பிள்ளைகள் தேடிக்கொண்டிருந்த அதே கோடையில், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் என்ற கறுப்பர் அணியில் ஜாஷ் கிப்சன் ஆடிக்கொண்டிருந்தார். சாட்சல் பெய்ஜும் அதே அணி. கௌடியின் 240ல் இவர்கள் இல்லை. ஆனால் பாருங்கள், இவர்கள் இல்லாததால் வரிசையில் ஒரு எண்ணும் விட்டுப்போகவில்லை. லாஜ்வேயைக் கேட்டு எழுதலாம், 106 என்று குறிப்பிட்டு. கிப்சனைக் கேட்டு எந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதுவது? அவருடைய இன்மைக்கு அடையாளமே கிடையாது. முழுமையாகச் சேர்த்த கட்டில் அவர் இல்லை என்பது குறையாகத் தெரியாது; அந்தக் கட்டு முழுமையாக இருப்பதே அவர் இல்லாததை மூடி வைத்திருக்கிறது.

இதை நான் 'இடமின்மை' என்கிறேன். காலியிடமும் இடமின்மையும் ஒன்றில்லை. காலியிடம் வரிசைக்கு உள்ளே இருக்கிற குறை. இடமின்மை, வரிசை தன்னை வரிசையாக வரைந்துகொண்ட கோட்டுக்கு வெளியே தள்ளியது. முதலாவது ஆசையை மூட்டும், இரண்டாவது மறதியை.

கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அன்று அட்டையே இல்லை என்று சொல்லமுடியாது. கியூபாவில் 1923-24ல் வந்த பில்லிகென் சிகரெட் அட்டைகளில் ஆஸ்கர் சார்ல்ஸ்டன் இருக்கிறார். குளிர்காலத்தில் அவர்கள் போய் ஆடிய தீவுகள் அவர்களுக்கு முகம் கொடுத்தன. கிப்சனுக்கு அதுவும் தாமதம். 1947 ஜனவரியில், 35 வயதில், ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்னால் செத்துப்போனார். போர்ட்டோரிகோவில் 1950-51ல் வந்த ஒரு வரிசையில் அவர் அட்டை வந்தது, செத்தபிறகு. பெய்ஜ் 1926லிருந்து தொழில்முறையாக ஆடியவர். 1948ல் 42 வயதில் கிளீவ்லாந்து அணிக்கு வந்தார். லீஃப் அவருக்கு 8ஆம் எண்ணையும், 1949ல் பௌமன் 224ஆம் எண்ணையும் கொடுத்தன. சந்தை இந்த அட்டைகளை அவருடைய 'ரூக்கி கார்டு' என்கிறது, அதாவது புதுமுக அட்டை. 22 வருஷ உழைப்பு எண்ணுக்கு வெளியே இருந்ததால் அது நடக்கவேயில்லை என்று ஆகிவிட்டது.

அந்தச் சுவரை எதிர்த்தவர்கள் யார்? பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பர் பத்திரிகையின் வெண்டல் ஸ்மித், கம்யூனிஸ்ட் பத்திரிகையான டெய்லி ஒர்க்கரின் விளையாட்டு ஆசிரியர் லெஸ்டர் ராட்னி போன்றவர்கள் வருஷக்கணக்காக எழுதினார்கள். அவர்கள் கேட்டது காலியிடத்தை நிரப்பச் சொல்லி இல்லை. உன் கணக்கே பொய் என்றார்கள். இரண்டும் வேறுவேறு அரசியல். மனு எழுதுவதற்கு எண் போதும். கணக்கையே மறுப்பதற்கு வரிசைக்கு வெளியே ஒரு பத்திரிகை, ஒரு இயக்கம், ஒரு பார்வை வேண்டியிருக்கிறது.

எண்ணுக்கு வெளியே இருப்பதே விடுதலை, விளிம்பே போதும் என்று சிலர் கோட்பாடு பேசக்கூடும். எனக்கு அதில் சம்மதமில்லை. எண் கிடைத்தவனுக்குத்தான் புகார் செய்கிற உரிமை கிடைக்கிறது என்பதைத்தான் 106 சொல்கிறது. ஹாங்க் ஆரனைப் பாருங்கள். 1952ல் நீக்ரோ அமெரிக்கன் லீக்கின் இண்டியானாபொலிஸ் கிளௌன்ஸ் அணியில் ஆடியவர். 1954ல் டாப்ஸில் 128. 1973ன் முதல் எண் அட்டையில் ரூத் 714, ஆரன் 673, மேஸ் 654 என்று ஹோம் ரன் கணக்கில் மூன்று பேரும் சேர்ந்திருந்தார்கள். அந்த சீசன் முடிந்தபோது ஆரன் 713ல் நின்றார். வெள்ளைக்காரனின் சாதனையை நெருங்குகிறான் என்று கொலைமிரட்டல் கடிதங்கள் குவிந்துகொண்டிருந்தன. 1974 வரிசையின் முதல் எண்ணில் டாப்ஸ் அவரைத் தனியாக, புதிய ஹோம் ரன் மன்னன் என்று அச்சடித்துவிட்டது. 715ஆவதை அவர் அடித்தது ஏப்ரல் 8ல். அட்டை அதற்கு முன்னாலேயே கடைக்கு வந்துவிட்டது. கம்பெனிக்கு வியாபார யூகம்தான், புரட்சி ஒன்றுமில்லை. இருந்தாலும் மிரட்டல் எழுதுகிறவன் வீட்டுப் பையன் கையிலும் அந்த வருஷம் வரிசை ஆரனில்தான் தொடங்கியது. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

2020 டிசம்பரில், 1920க்கும் 1948க்கும் இடையில் நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம் அறிவித்தது. 2024 மே மாதம் 2,300க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் கணக்குகள் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்ந்தன. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் பல பத்தாண்டுகளாக முதலிடத்தில் இருந்த டை காப்பின் .367ஐத் தாண்டி, ஜாஷ் கிப்சனின் .372 மேலே ஏறியது. கிப்சன் செத்து 77 வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதிவுகள் இன்னும் முழுமையாகவில்லை; பழைய பத்திரிகைகளில் ஆட்டக் குறிப்புகளைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அதாவது இடமின்மை இப்போதுதான் காலியிடமாக மாறிக்கொண்டிருக்கிறது. இனி அங்கே விரல் வைத்து, இந்த ஆட்டத்தின் கணக்கு எங்கே என்று கேட்கமுடியும். பர்டிக் செய்த மாதிரியான வேலை அது: அலுப்பான, கைவலிக்கிற, பட்டியல் போடுகிற வேலை.

1933ன் அட்டைகளை யாரும் திரும்ப அச்சடிக்கமுடியாது. கௌடியின் முழு வரிசை ஏலத்துக்கு வருகிறபோது, 106 இருக்கிறதா என்றுதான் இன்றைக்கும் முதலில் பார்க்கிறார்கள். இருந்தால் 'முழுமை' என்று எழுதி விலை போடுகிறார்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேறு பட்டியல்கள் ஞாபகத்துக்கு வரலாம். வரட்டும். அவற்றில் விட்டுப்போன எண்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்; அவற்றுக்காகச் சண்டை போடவும் வேண்டும். அதன் பிறகு, எந்த எண்ணும் விட்டுப்போகாத பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் யார் இல்லை என்று எண்ணைப் பார்க்காமல் கேட்டுப்பாருங்கள்.